எழுத்துப் போலியா? எழுத்துப் பிழையா?

ஆங்கிலம் கற்கும் தமிழ் மாணவர்க்கு முதலில் வந்து சேரும் அச்சம் எழுத்துக்கூட்டலைப் பற்றியது. தமிழில் ஒலியை அறிந்தால் பெரும்பாலும் எழுத்தையும் அறியலாம். ஆங்கிலத்தில் அந்த உறுதி இல்லை. ஆதலால் ஒவ்வொரு சொல்லையும் எழுத்து எழுத்தாகச் சொல்லி உருப்போடுகிறோம். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் அவ்வாறு பாடுபட்டுப் பல்கலைக் கழகத்துள் நுழைந்த பிறகு, உருப்போட்ட சொற்களில் பல வேறு வடிவத்திலும் உலவுவதைக் காண்கிறோம். பள்ளி ஆசிரியர் ஒரு விதமாகக் கற்பித்தார். அமெரிக்காவில் அச்சான பாடநூல் வேறு விதமாக எழுதுகிறது. நாம் சரியென்று நம்பிய சொல்லின் கீழே கணினி சிவப்புக் கோடு இழுக்கிறது. ஆய்வுக் கட்டுரையைத் திருத்தும் பேராசிரியர் ஒருவர் 'எஸ்' எழுத்தை அடித்து 'இசட்' போடுகிறார். மற்றொருவர் அந்த 'இசட்'டை அடித்து மீண்டும் 'எஸ்' போடுகிறார்.

இது மிகச் சிறிய செய்தி என்று சிலர் எண்ணலாம். சிறு வயது முதல் ஆங்கில வழியில் படித்தவர்க்கு இது சிறியதே. தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்து, வேற்று மாநிலத்திற்கு வந்து, வகுப்பிலும் விடுதியிலும் ஆங்கிலத்தையே ஊன்றுகோலாகக் கொண்டு நடக்கும் மாணவர்க்கு இது சிறியது அன்று. தாளில் விழும் ஒவ்வொரு சிவப்புக் கோடும் 'உனக்கு ஆங்கிலம் வராது' என்று அவருக்குச் சொல்வதுபோல் இருக்கும். அந்தக் கோடு உண்மையான பிழைக்கு விழுந்தால் திருத்திக்கொள்ளலாம். பிழையே இல்லாத இடத்தில் விழுந்தால் எதைத் திருத்துவது? ஆதலால் எது பிழை, எது பிழை அன்று என்பதைத் தெளிந்துகொள்வது நமக்குத் தேவை.

இந்தக் கட்டுரையில் ஆங்கில எழுத்துகளை 'ஏ, பி, சி' என்று அவற்றின் பெயராலேயே குறிக்கிறேன். வகுப்பில் நாம் சொல்லிச் சொல்லிக் கற்ற முறையும் அதுதானே.

நம் இலக்கணம் தரும் சொல்

ஒரே சொல்லை இரு விதமாக எழுதலாம், இரண்டும் சரி என்பது தமிழர்க்குப் புதிய கருத்து அன்று. பவணந்தி முனிவரின் நன்னூலைப் பள்ளியில் படித்தவர்கள் 'போலி' என்னும் பகுதியை மறந்திருக்க மாட்டார்கள். ஓர் எழுத்து நிற்க வேண்டிய இடத்தில் வேறோர் எழுத்து நின்று, பொருள் மாறாமல் இருந்தால் அது போலி. 'மயல்' என்பது 'மையல்' ஆவது முதற்போலி. 'அமச்சு' என்பது 'அமைச்சு' ஆவது இடைப்போலி. 'அறம்' என்பது 'அறன்' ஆவதும், 'பந்தல்' என்பது 'பந்தர்' ஆவதும் கடைப்போலி. இன்று பேச்சு வழக்கில் போலி என்றால் பொய்யானது என்று பொருள் கொள்கிறோம். இலக்கணத்தில் அப்படி அன்று. அங்கே 'அறன்' என்பதும் 'அறம்' என்பதைப் போலவே செப்பமான சொல்.

போலி வேறு, வழு வேறு. 'அரம்' என்று எழுதினால் அது அறத்திற்குப் போலி ஆகாது. இரும்பைத் தேய்க்கும் கருவியைக் குறிக்கும். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தைப் பார்த்தால் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

இரு அகராதிகளின் கதை

ஆங்கிலேயர் தம் சொற்களைத் தொடக்கத்தில் மனம்போனபடி எழுதி வந்தனர். 1623-இல் வெளியான ஷேக்ஸ்பியர் நாடகங்களின் பெருந்தொகுப்பிலேயே 'ஆனர்' (மதிப்பு) என்னும் சொல் 'ஓ, யூ, ஆர்' என்றும் முடிகிறது. 'ஓ, ஆர்' என்றும் முடிகிறது. அன்று அதை யாரும் குறையாகக் கொள்ளவில்லை.

1755-இல் டாக்டர் சாமுவேல் ஜான்சனின் அகராதி லண்டனில் வெளிவந்தது. அதன் பெருமையால், அதில் உள்ள வடிவமே செம்மையான வடிவம் என்னும் எண்ணம் வேரூன்றியது. 'கலர்', 'ஆனர்' போன்ற சொற்களைப் பிரெஞ்சு வழியாக வந்தவை எனக் கருதி, ஈற்றில் 'யூ' சேர்த்து எழுதினார் ஜான்சன். பிரித்தானியர் இன்றும் அவ்வாறே எழுதுகின்றனர். ஆனால் 'எரர்' (தவறு), 'ஹாரர்' (பேரச்சம்), 'கவர்னர்' ஆகிய சொற்களுக்கும் ஜான்சன் 'யூ' சேர்த்திருந்தார் என்பதையும், 'மியூசிக்' என்னும் சொல்லின் ஈற்றில் 'கே' எழுத்தை வைத்திருந்தார் என்பதையும் பலர் அறியார். அந்த 'யூ'வையும் அந்தக் 'கே'யையும் பிரித்தானியரே பிற்காலத்தில் கைவிட்டனர். ஆகவே பிரித்தானிய வழக்கு பழையதை அப்படியே காத்தது, அமெரிக்க வழக்கு அதைச் சிதைத்தது என்று சொல்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. இருவரும் எழுத்தைக் குறைத்தனர். ஒருவர் சற்று அதிகமாகக் குறைத்தார்.

அதிகமாகக் குறைத்தவர் நோவா வெப்ஸ்டர். 1758-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் பகுதியில் பிறந்த இவர், பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1783-இல் இவர் வெளியிட்ட எழுத்துக்கூட்டல் பாடநூல் நீல அட்டையுடன் அமெரிக்கப் பள்ளிகள் எங்கும் பரவியது. நாடு விடுதலை பெற்ற பிறகு எழுத்தும் தனி வழியில் செல்ல வேண்டும் என்று இவர் விரும்பினார். எழுத்து எளிதானால் குழந்தைகளுக்குச் சுமை குறையும் என்பது ஒரு காரணம். இங்கிலாந்தின் எழுத்தினின்று அமெரிக்க எழுத்து வேறுபட்டால், நூல்களை அமெரிக்காவிலேயே அச்சிடும் நிலை வரும் என்பது மற்றொரு காரணம். 1789-இல் எழுதிய கட்டுரையில் இதை அவர் வெளிப்படையாகவே சொன்னார். 1806-இல் சிறிய அகராதியும், 1828-இல் ஏறத்தாழ 70,000 சொற்கள் கொண்ட பேரகராதியும் வெளியிட்டார். 'கலர்' என்பதில் 'யூ' நீங்கியது. 'சென்டர்' (நடு) என்பதன் ஈறு 'ஆர், ஈ' என்பதிலிருந்து 'ஈ, ஆர்' ஆனது. 'டிஃபென்ஸ்' (பாதுகாப்பு) என்பதில் 'சி' போய் 'எஸ்' வந்தது.

இவற்றை எல்லாம் வெப்ஸ்டரே படைத்தார் என்று கொள்ளலாகாது. முன்பே வழங்கிய இரு வடிவங்களுள் ஒன்றை அவர் தேர்ந்தெடுத்தார் என்பதே பெரும்பாலும் உண்மை. அவர் துணிந்து புதிதாகச் சொன்னவை நிலைக்கவில்லை. 'டங்' (நாக்கு) என்பதை 'டி, யூ, என், ஜி' என்றும், 'விமன்' (பெண்கள்) என்பதை 'டபிள்யூ, ஐ, எம், எம், ஈ, என்' என்றும் எழுதச் சொன்னார். மக்கள் ஏற்கவில்லை.

ஆணையும் வழக்கும்

எழுத்தை ஆணையால் மட்டும் மாற்ற முடியுமா? 1906 ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் முயன்று பார்த்தார். முந்நூறு சொற்களை எளிய வடிவில் அச்சிடுமாறு அரசாங்க அச்சகத்திற்குக் கட்டளையிட்டார். 'த்ரூ' (ஊடாக) என்னும் ஏழெழுத்துச் சொல் நான்கெழுத்தாகச் சுருங்கியது. செய்தித்தாள்கள் எள்ளி நகையாடின. நாடாளுமன்றத்தின் கீழவை எதிர்த்தது. ஆண்டு முடிவதற்குள் அவர் கட்டளையைத் திரும்பப் பெற நேர்ந்தது. அவர் பட்டியலில் இருந்த சொற்களுள் முன்பே வழக்கில் வேரூன்றியிருந்தவை மட்டும் நின்றன.

நம் மொழியிலும் இதற்கு ஒப்பான செய்தி உண்டு. 'லை', 'னை' போன்றவற்றின் பழைய துதிக்கை வடிவங்களை நம் பாட்டனார் எழுதிய கடிதங்களில் கண்டிருப்போம். பெரியார் தம் 'குடி அரசு' இதழில் 1935 முதல் சீர்திருத்த எழுத்துகளைக் கையாண்டார். தமிழக அரசு அவற்றுள் பதின்மூன்று எழுத்துகளை 1978-இல் ஏற்று ஆணையிட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பழகிய வழக்குக்குப் பின்னால் ஆணை வந்தது, ஆகவே நிலைத்தது. பழைய வடிவில் எழுதிய நம் பாட்டனார் பிழையாக எழுதினார் என்று நாம் சொல்வதில்லை.

விதியும் விலக்கும்

இன்று மாணவர் காணும் வேறுபாடுகளைச் சில வகைகளில் அடக்கலாம். முதல் மூன்றை மேலே கண்டோம். நான்காவது, எழுத்து இரட்டிப்பது. 'டிராவலிங்' (பயணம் செய்தல்) என்பதைப் பிரித்தானியர் இரண்டு 'எல்' இட்டு எழுதுவர். அமெரிக்கர் ஓர் 'எல்' இடுவர். ஆனால் 'ஃபுல்ஃபில்' (நிறைவேற்று), 'என்ரோல்' (பதிவு செய்) ஆகிய சொற்களில் இது தலைகீழாகும். பிரித்தானியர் ஈற்றில் ஓர் 'எல்' இடுவர், அமெரிக்கர் இரண்டு இடுவர். எழுத்து குறைந்தால் அமெரிக்க வழக்கு என்னும் குறுக்குவழி இங்கே உதவாது.

ஐந்தாவது வகை கருதத்தக்கது. 'பிராக்டிஸ்' (பயிற்சி) என்னும் சொல் பெயராக வரும்போது 'சி', வினையாக வரும்போது 'எஸ்' என்பது பிரித்தானிய வழக்கு. அமெரிக்கர்க்கு இரண்டிடத்தும் 'சி'. எனவே வினைச்சொல்லை 'சி' இட்டு எழுதினால் அது ஒரு வழக்கில் பிழை, மற்றொரு வழக்கில் சரி. எழுத்தைத் தனியே பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது; கட்டுரை எந்த வழக்கைப் பின்பற்றுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

ஆறாவது வகையே நம் வளாகத்தில் மிகுதியாகச் சிவப்பு மையை வாங்குவது: 'ஆர்கனைஸ்' (ஒழுங்குபடுத்து) போன்ற சொற்களின் ஈற்றில் 'எஸ்' வருமா, 'இசட்' வருமா என்பது. 'எஸ்' பிரித்தானியருடையது, 'இசட்' அமெரிக்கருடையது என்று பலரும் உறுதியாகச் சொல்வர். அது முழு உண்மை அன்று. இங்கிலாந்தின் பெருமைக்குரிய ஆக்ஸ்ஃபோர்டு அகராதியே 'இசட்' எழுத்தை முதன்மையாகக் கொள்கிறது. இந்த ஈறு கிரேக்கத்திலிருந்து வந்தது, மூலத்தில் 'இசட்'டின் ஒலியே உண்டு என்பது அதன் காரணம். ஆனால் 'அனலைஸ்' (பகுத்தாய்) என்பதன் ஈறு அந்தக் கிரேக்க ஈறு அன்று. ஆகவே அங்கே ஆக்ஸ்ஃபோர்டும் 'எஸ்' தான் எழுதுகிறது. அமெரிக்கர் அதற்கும் 'இசட்' இடுவர். 'சர்ப்ரைஸ்' (வியப்பு), 'எக்சர்சைஸ்' (பயிற்சி) ஆகியவற்றில் எந்த நாட்டிலும் 'எஸ்' தான்.

இதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. 1919-இல் தோன்றிய அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் ஆங்கிலப் பெயரைப் பாருங்கள். 'லேபர்' என்னும் சொல்லில் 'யூ' இருக்கிறது. அடுத்து வரும் 'ஆர்கனைசேஷன்' என்பதில் 'இசட்' இருக்கிறது. இதை ஒரு மாணவர் தம் கட்டுரையில் எழுதினால், இரு வழக்கையும் கலந்துவிட்டார் என்று சிவப்புக் கோடு விழுவது உறுதி. ஆனால் அது கலப்பு அன்று. செம்மையான ஆக்ஸ்ஃபோர்டு வழக்கு. உலகச் சுகாதார நிறுவனம் தன் பெயரில் 'இசட்' எழுதுகிறது. நம் நாட்டு விண்வெளி ஆய்வு நிறுவனமாகிய இஸ்ரோ தன் பெயரில் 'எஸ்' எழுதுகிறது. இரண்டும் உலகம் மதிக்கும் நிறுவனங்களே.

வழக்குகள் இரண்டோடு முடிவதும் இல்லை. கனடா நாட்டார் 'கலர்' என்பதில் 'யூ' வைப்பர். 'டயர்' என்பதை அமெரிக்கர் போல் 'ஐ' இட்டு எழுதுவர். ஆஸ்திரேலியர் 'லேபர்' என்பதில் 'யூ' வைப்பர்; ஆனால் அந்நாட்டுத் தொழிற்கட்சியின் பெயரில் மட்டும் 'யூ' இல்லை. ஆங்கிலேயர் ஆட்சியின் வழியே கல்வி வந்ததால் இந்தியாவில் பிரித்தானிய வழக்கு நிலைத்தது. பிறகு அமெரிக்கப் பாடநூலும் கணினியும் வந்து சேர்ந்தன. நம் தாள்களில் காணும் கலப்பு இந்த வரலாற்றின் விளைவு. மாணவரின் சோம்பலால் மட்டும் வந்தது அன்று.

அறிவியல் கூடத்தில்

அறிவியல் மாணவர்க்கு இந்தச் சிக்கல் சற்று மிகுதி. கந்தகத்தின் பெயராகிய 'சல்ஃபர்' என்பதைப் பிரித்தானியர் 'பி, எச்' இட்டும் அமெரிக்கர் 'எஃப்' இட்டும் எழுதி வந்தனர். தனி வேதியியலுக்கும் பயன்முறை வேதியியலுக்குமான அனைத்துலக ஒன்றியம் 1990-இல் 'எஃப்' வடிவத்தை ஏற்றது. இங்கிலாந்தின் இராயல் வேதியியல் கழகமும் 1992-இல் அதைப் பின்பற்றியது. அதே ஒன்றியம் அலுமினியத்திற்குப் பிரித்தானிய வடிவத்தைத் தேர்ந்தெடுத்தது. 1993-இல் அமெரிக்க வடிவத்தையும் மாற்று வடிவமாக ஒப்புக்கொண்டது. ஒன்றில் இவர் விட்டுக்கொடுத்தார், மற்றொன்றில் அவர் விட்டுக்கொடுத்தார் என்று வைத்துக்கொள்ளலாம்.

அலுமினியத்தின் கதையில் இன்னொரு சுவையும் உண்டு. ஈற்றில் 'ஐ' இல்லாத 'அலுமினம்' என்னும் வடிவத்தை 1812-இல் நூலில் எழுதியவர் அமெரிக்கர் அல்லர். இங்கிலாந்தின் புகழ்பெற்ற வேதியியலார் ஹம்ஃப்ரி டேவி. 'சோடியம்', 'பொட்டாசியம்' ஆகியவற்றோடு ஒத்திசைய வேண்டும் என்று அவர் நாட்டினரே பின்னர் 'ஐ' சேர்த்தனர். அமெரிக்கர் டேவியின் வடிவத்தைக் காத்தனர். இதைப் போலவே, கருவில் உள்ள குழந்தையைக் குறிக்கும் 'ஃபீட்டஸ்' என்னும் சொல்லில் 'ஓ' சேர்ப்பதே தொன்மை என்று பலர் நினைப்பர். மூல இலத்தீனில் 'ஓ' இல்லை.

நடைமுறையில் வேறொரு தொல்லையும் நேரும். 'ஈஸ்ட்ரோஜன்' என்னும் சுரப்பின் பெயர் பிரித்தானிய வழக்கில் 'ஓ' எழுத்தில் தொடங்கும்; அமெரிக்க வழக்கில் 'ஈ' எழுத்தில் தொடங்கும். நூலின் இறுதியில் உள்ள பொருளடைவில் 'ஈ'யின் கீழ்த் தேடிக் காணாதவர், அந்த நூலில் அப்பொருளே இல்லை என்று எண்ணி மூடிவிடக் கூடும். ஆய்வுக் கட்டுரைகளைக் கணினியில் தேடுவோரும் இரு வடிவங்களையும் இட்டுத் தேடுவது நல்லது. சில தேடற் களங்கள் தாமே இரண்டையும் இணைத்துக் காட்டும். எல்லாம் அப்படி அல்ல.

மூன்று கோடுகள்

இனி வகுப்புக்கு வருவோம். மாணவரின் தாளில் காணும் எழுத்து வேறுபாடுகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

ஒன்று, பிழை. 'ரிசீவ்' (பெறு) என்பதில் 'ஈ, ஐ' என்பதை முன்பின்னாக மாற்றுவதும், 'செபரேட்' (தனி) என்பதன் நடுவில் 'ஏ' வர வேண்டிய இடத்தில் 'ஈ' எழுதுவதும் லண்டனிலும் பிழை, நியூயார்க்கிலும் பிழை. இவற்றைத் தயங்காமல் திருத்த வேண்டும்.

இரண்டு, போலி. 'கலர்' என்பதில் 'யூ' இல்லை. கட்டுரை முழுவதும் அமெரிக்க வழக்கே ஆளப்பட்டிருக்கிறது. இங்கே மதிப்பெண் குறைக்க இடமில்லை. உலக அளவில் நடைபெறும் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்விலேயே இரு வழக்கும் ஏற்கப்படுகின்றன. கல்லூரியோ இதழோ ஒரு வழக்கைத்தான் வேண்டுகிறது என்றால், அதை முன்கூட்டியே சொல்வது ஆசிரியர் கடமை. சொன்னபின் பின்பற்றுவது மாணவர் கடமை.

மூன்று, கலப்பு. ஒரு பக்கத்தில் 'யூ' உண்டு. மறு பக்கத்தில் இல்லை. தனித்தனியே பார்த்தால் இரண்டும் சரி. ஒரே கட்டுரையில் சேர்ந்தால் குறை. ஆனால் இது அறியாமையால் வந்த குறை அன்று, ஒழுங்கின்மையால் வந்த குறை. 'ஏதேனும் ஒன்றைக் கொள்க' என்று ஓரத்தில் ஒரு வரி எழுதினால் போதும். ஒவ்வொரு சொல்லின் மேலும் கோடு கிழிக்க வேண்டுவதில்லை.

நாம் செய்யத் தக்கவையும் சில உண்டு. கட்டுரை தொடங்கும் முன் எந்த வழக்கு என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். நெறியாளரிடமோ இதழின் விதிகளிலோ கேட்டு அறியலாம். ஒரு விதியும் இல்லை என்றால், பள்ளியில் பழகிய பிரித்தானிய வழக்கே நமக்கு எளிது. கணினியில் மொழியை அதற்கேற்ப அமைத்துவிட்டால், தேவையற்ற சிவப்புக் கோடுகள் பல மறையும். எஞ்சியவற்றை அப்போது கவனித்துப் பார்க்கலாம். 'எஸ்', 'இசட்' இரண்டில் ஒன்றைத் தேர்ந்து முதற் பக்கம் முதல் இறுதிப் பக்கம் வரை அதையே ஆள வேண்டும். நிறுவனப் பெயர், நூற்பெயர், பிறர் எழுதியதை எடுத்தாளும் வரிகள் ஆகியவற்றை மட்டும் அவரவர் எழுதியபடியே விட வேண்டும். பிரித்தானிய வழக்கில் எழுதுகிறோம் என்பதற்காக உலகச் சுகாதார நிறுவனத்தின் 'இசட்'டை மாற்ற நமக்கு உரிமை இல்லை.

நம் மன்றத்து மூத்த மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதலாண்டு மாணவர் தம் ஆய்வுக்கூடக் குறிப்பையோ விண்ணப்பத்தையோ நம்மிடம் கொண்டு வந்து, 'அண்ணா, கொஞ்சம் பார்த்துக் கொடுங்கள்', 'அக்கா, இது சரியா?' என்று கேட்பது வழக்கம். பேனாவை எடுக்கும் முன் அது பிழையா, போலியா, கலப்பா என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். ஐயம் இருந்தால் அகராதியைப் புரட்டுங்கள். போலியாக இருந்தால், 'இதுவும் சரிதான். ஆனால் நீ மேலே வேறு விதமாக எழுதியிருக்கிறாயே, எது வேண்டும் உனக்கு?' என்று கேளுங்கள். பதிலை அவரே சொல்வார். அடுத்த தாளை நம்மிடம் கொண்டு வரவும் கூச மாட்டார்.